18 வயது ஆகாதவருக்கு மது விற்றுவிட்டால்: 90 பவுண்டோடு முடியாத விவகாரம்

வெள்ளிக்கிழமை மாலை. கடையில் கூட்டம். ஒரு பையன் நான்கு கேன் பியரை டில்லில் (கல்லாவில்) வைக்கிறான், காசைக் கொடுக்கிறான், வெளியே போகிறான். இரண்டு நிமிடத்தில் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு இருவர் உள்ளே வருகிறார்கள். பையனுக்கு வயது 16, அவனை அனுப்பியது கவுன்சிலின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது கடைகளின் விற்பனை முறையைக் கண்காணிக்கும் பிரிவு. டில்லில் நின்றவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் "பார்க்கப் பெரிய பையனாகத் தெரிந்தான்" என்பதுதான். அது அப்படியே அதிகாரியின் நோட்டில் ஏறிவிடும்.

அந்த ஒரு வரி சட்டத்தில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று பார்ப்போம். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 25 வயதுக்குக் கீழே தெரிபவரிடம் ஐடி கேட்கும் கொள்கை அங்கே 2011 அக்டோபர் முதல் சட்டப்படியே கட்டாயம்.

2003-ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம், 146-ஆம் பிரிவு. 18 வயது ஆகாதவருக்கு மது விற்றால் குற்றம், அவ்வளவுதான். "தெரிந்தே" என்ற சொல் அதில் இல்லை. ஆகவே தெரியாமல் விற்றேன் என்பது தற்காப்பு ஆகாது. தெரியாமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. விற்றவர் தப்பிக்க இரண்டு வழிகளைச் சட்டம் வைத்திருக்கிறது. இரண்டுக்குமே, வாங்கியவருக்கு 18 ஆகிவிட்டது என்று அவர் உண்மையிலேயே நம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் இந்த இரண்டில் ஒன்று வேண்டும்: வயதை உறுதி செய்ய நியாயமான எல்லா முயற்சியையும் எடுத்திருக்க வேண்டும், அல்லது வாங்கியவரின் தோற்றத்தைப் பார்த்து யாருமே 18-க்குக் கீழே என்று சந்தேகப்பட்டிருக்க முடியாது என்று காட்ட வேண்டும்.

முதல் வழிக்குச் சட்டமே விளக்கம் தருகிறது. வயதுக்கு ஆதாரம் கேட்டிருக்க வேண்டும், காட்டிய ஆதாரம் நியாயமான ஒருவரை நம்பவைக்கும்படி இருந்திருக்க வேண்டும். நன்றாகச் செய்த போலி ஐடியைக் கேட்டு வாங்கிப் பார்த்து ஏமாந்தவரைச் சட்டம் காப்பாற்றும். ஐடியே கேட்காதவர் இந்த வழியில் நுழையவே முடியாது. "உனக்கு 18 ஆச்சா?" என்று வாயால் கேட்டு, "ஆச்சு" என்ற பதிலை வாங்கிக்கொள்வது ஆதாரம் கேட்டதாகாது.

இரண்டாவது வழியை நம்பித்தான் பலர் கோர்ட்டுக்குப் போகிறார்கள், தோற்கிறார்கள். "யாருமே" சந்தேகப்பட்டிருக்க முடியாது என்பது மிக உயரமான படி. டெஸ்ட் பர்ச்சேஸுக்கு, அதாவது கடையைச் சோதிக்க வாங்கிப் பார்ப்பதற்கு, அனுப்பப்படும் பிள்ளைகளைத் தாடி வைத்தோ மேக்கப் போட்டோ பெரியவர்களாகக் காட்டி அனுப்புவதில்லை. வயதுக்கேற்ற தோற்றத்தில்தான் வருவார்கள், அன்று எப்படி இருந்தார்கள் என்பதற்குப் படமும் எடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் படத்தை மாஜிஸ்திரேட் கையில் கொடுத்த பிறகு வாதாட அதிகம் மிச்சமிருக்காது. பிள்ளையை அனுப்பி வாங்கவைத்ததே குற்றம்தானே என்ற வாதமும் நிற்காது. போலீஸோ ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸோ கேட்டு வாங்கும் பிள்ளைக்கு 149-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது.

முதலில் மாட்டுபவர் டில்லில் நின்றவர். சம்பளக்காரரா, சொந்தக்காரரா, ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள வந்த சித்தப்பாவா என்ற வேறுபாடு சட்டத்துக்குக் கிடையாது. விற்ற கை யாருடையதோ அவருக்குத்தான் குற்றம். முதல் முறை என்றால் பெரும்பாலும் 90 பவுண்டு பெனால்டி நோட்டீஸ் கொடுப்பார்கள். 21 நாளுக்குள் கட்டலாம், அல்லது கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கேட்கலாம். இரண்டும் செய்யாமல் விட்டால் ஒன்றரை மடங்காகி, 135 பவுண்டு அபராதமாகக் கோர்ட்டில் பதிவாகும். நோட்டீஸைக் கட்டினால் அது குற்றத்தீர்ப்பு ஆகாது. கோர்ட்டுக்குப் போய்த் தோற்றால் குற்றத்தீர்ப்பு. 2015 மார்ச்சிலிருந்து இந்தக் குற்றத்துக்கு அபராத வரம்பு எதுவும் இல்லை. அதன் மேல் வழக்குச் செலவும், அபராதத்தில் 40 சதவீதம் என்ற கணக்கில் சர்சார்ஜும் (கூடுதல் கட்டணமும்) ஏறும். வெளிநாட்டுக் குடியுரிமையோடு இங்கே வேலை செய்பவர் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: கோர்ட் தீர்ப்பைப் பின்னாளில் பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பத்தில் மறைக்க முடியாது.

பர்சனல் லைசென்ஸ், அதாவது மது விற்பனைக்கு அனுமதி தரத் தனிநபருக்குக் கொடுக்கப்படும் லைசென்ஸ், வைத்திருப்பவர் மீது வழக்குப் போனால், தன்னிடம் அந்த லைசென்ஸ் இருக்கிறது என்பதைக் கோர்ட்டில் அவரே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது தனிக் குற்றம். கோர்ட் அந்த லைசென்ஸைப் பறிக்கலாம், அல்லது 6 மாதம் வரை நிறுத்திவைக்கலாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு கவுன்சிலுக்கும் இந்த அதிகாரம் வந்துவிட்டது.

"90 பவுண்டு, கட்டிவிட்டால் முடிந்தது" என்று பல முதலாளிகள் டில்காரருக்குப் பதிலாகத் தாங்களே கட்டிவிடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த ரசீது பிறகு எங்கே முளைக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

147ஏ என்ற பிரிவு முழுக்க முழுக்கக் கடை லைசென்ஸ்காரரைக் குறிவைப்பது. ஒரே கடையில், தொடர்ந்த 3 மாதத்துக்குள், வெவ்வேறு 2 சந்தர்ப்பங்களில் 18 ஆகாதவருக்கு மது போயிருந்தால் லைசென்ஸ்காரர் குற்றவாளி. முன்பு 3 முறை என்று இருந்தது, 2010-இல் 2 ஆக்கினார்கள். இரண்டு முறையும் ஒரே பிள்ளை வாங்கியிருக்க வேண்டியதில்லை, ஒரே ஆள் விற்றிருக்கவும் வேண்டியதில்லை. லைசென்ஸ்காரர் ஊரிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். ஊழியர் செய்ததற்காக 146-இல் முதலாளி மீது வழக்கு வந்தால், "என்னால் ஆன கவனம் எல்லாம் எடுத்தேன்" என்ற டியூ டிலிஜென்ஸ் தற்காப்பு உண்டு. 147ஏ-வில் அது எழுதப்படவே இல்லை. அந்த விற்பனைகள் சட்டவிரோதமானவை என்பதற்கு எதை ஆதாரமாக வைக்கலாம் என்று பிரிவே பட்டியலிடுகிறது: குற்றத்தீர்ப்பு, போலீஸ் காஷன் (குற்றத்தை ஒப்புக்கொண்டு பெறும் எச்சரிக்கை), பிறகு கட்டப்பட்ட பெனால்டி நோட்டீஸ். டில்காரர் சத்தமில்லாமல் கட்டிய 90 பவுண்டு, முதலாளிக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்பது இப்படித்தான்.

அதனால் நோட்டீஸைக் கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. ஐடி கேட்காமல் விற்றது நிஜம் என்றால் கட்டுவதுதான் மலிவு. ஆனால் காலண்டரை எடுத்து, கட்டிய நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து 3 மாதம் எண்ணுங்கள். அந்த 3 மாதத்துக்குள் இன்னொரு டெஸ்ட் பர்ச்சேஸ் வரும் என்று நினைத்துக் கடையை நடத்துங்கள்.

147ஏ-வில் தீர்ப்பு வந்தால் வரம்பில்லாத அபராதம், கூடவே மது விற்கும் உரிமையைக் கோர்ட் 3 மாதம் வரை நிறுத்தலாம். வழக்குக்குப் பதிலாக போலீஸோ ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸோ குளோஷர் நோட்டீஸ் நீட்டுவதும் உண்டு. குறைந்தது 48 மணி நேரம், அதிகபட்சம் 336 மணி நேரம், அதாவது 14 நாள், மது விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 14 நாளாவது கழித்துத்தான் அது தொடங்கும். ஒப்புக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் பல கடைக்கு இது லாபமான பேரம்தான். ஆனால் வழக்கு இல்லை என்பதால் ரிவியூவும் (லைசென்ஸ் மறுபரிசீலனையும்) இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ரிவியூதான் கடையை உண்மையில் மூடவைப்பது. 51-ஆம் பிரிவின்கீழ் போலீஸ், ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், பொதுச் சுகாதாரத் துறை, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு, பக்கத்து வீட்டுக்காரர் உட்பட யார் வேண்டுமானாலும் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கவுன்சில் கடை வாசலில் வெளிர் நீலத் தாளில் அறிவிப்பு ஒட்டும். 28 நாள் கருத்துக் கேட்பார்கள். பிறகு கவுன்சிலர்கள் மூவர் கொண்ட கமிட்டி விசாரிக்கும். இது கிரிமினல் கோர்ட் அல்ல. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். யாரும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 2016-இல் ஈஸ்ட் லிண்ட்சி கவுன்சில் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அந்த வழக்கு இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதியில்லாத ஊழியரை வேலைக்கு வைத்தது பற்றியது என்றாலும், கமிட்டி வக்கீல்கள் மேற்கோள் காட்டுவது அதைத்தான். நடந்ததற்குத் தண்டனை தருவது கமிட்டியின் வேலை அல்ல, இனி நடக்காமல் தடுப்பதுதான். மற்றக் கடைகளுக்கு ஒரு பயம் காட்டுவதும் அதன் பார்வையில் வரலாம்.

கமிட்டி ஐந்து காரியம் செய்யலாம். நிபந்தனைகளை மாற்றலாம், மது விற்பனையை லைசென்ஸிலிருந்து எடுக்கலாம், டிபிஎஸ்ஸை (கடையின் மது விற்பனைக்குப் பொறுப்பாக லைசென்ஸில் பெயர் குறிக்கப்பட்டவரை) நீக்கலாம், 3 மாதம் வரை நிறுத்திவைக்கலாம், ஒரேயடியாக ரத்து செய்யலாம். உள்துறை அமைச்சகத்தின் 182-ஆம் பிரிவு வழிகாட்டுதல், சிறுவர்கள் சட்டவிரோதமாக மது வாங்குவதைத் தனிக் கவனம் வேண்டிய குற்றச் செயல்களின் பட்டியலில் வைக்கிறது. அப்படிப்பட்ட விஷயத்தில் முதல் தடவையே ஆனாலும் ரத்து செய்வதைத் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. முடிவு பிடிக்கவில்லை என்றால் எழுத்துமூலம் அறிவித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அப்பீல். அப்பீல் முடியும்வரை பழைய லைசென்ஸ் ஓடும், ஆகவே இந்த 21 நாளைத் தவறவிடுவது பெரிய முட்டாள்தனம்.

ரிவியூ நோட்டீஸ் வந்ததும் லைசென்ஸை மச்சான் பெயருக்கோ மனைவி பெயருக்கோ மாற்றுவது ஒரு பழைய தந்திரம். கமிட்டிகள் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டன. மாற்றத்துக்கு எதிராக போலீஸ் 14 நாளுக்குள் ஆட்சேபம் போடலாம். போடாவிட்டாலும், கல்லாப்பெட்டியில் அதே ஆள் உட்கார்ந்திருக்கும்போது பெயர் மாறியதை யார் மதிப்பார்கள்? லிமிடெட் கம்பெனி பெயரில் லைசென்ஸ் இருக்கிறது, எனக்கு ஒன்றும் வராது என்பதும் அதே ரகம். டைரக்டரின் சம்மதத்தாலோ அலட்சியத்தாலோ குற்றம் நடந்தது என்று காட்டினால் 187-ஆம் பிரிவு அவரையும் சேர்த்துப் பிடிக்கும்.

சரி, கமிட்டி முன்னால் எது நிற்கும்? காகிதம். "நாங்கள் எல்லோரிடமும் ஐடி கேட்போம்" என்பது பேச்சு. மூன்று நோட்டுகள் வேண்டும்.

ஒன்று, எழுதிய வயதுக் கொள்கை. இது விருப்பம் அல்ல, 2010 முதல் ஒவ்வொரு மது லைசென்ஸிலும் தானாகவே சேர்ந்திருக்கும் கட்டாய நிபந்தனை. 18-க்குக் கீழே தெரிபவர், அல்லது கொள்கையில் நீங்கள் எழுதிய வயதுக்குக் கீழே தெரிபவர், மது தருவதற்கு முன் ஐடி காட்ட வேண்டும். சேலஞ்ச் 25, அதாவது 25-க்குக் கீழே தெரிபவர் எல்லோரிடமும் ஐடி கேட்பது, என்று எழுதுவது நல்லது, ஏனென்றால் 17-ஐயும் 18-ஐயும் கண்ணால் பிரிக்க யாராலும் முடியாது, 17-ஐயும் 25-ஐயும் ஓரளவு முடியும். ஆனால் எழுதிவிட்டு நடக்காமல் விட்டால் அது லைசென்ஸ் நிபந்தனை மீறலாகப் பார்க்கப்படலாம். 136-ஆம் பிரிவில் அதற்கு வரம்பில்லாத அபராதமும் 6 மாதம் வரை சிறையும் இருக்கின்றன. சுவரில் சேலஞ்ச் 25 போஸ்டரை ஒட்டிவிட்டு 19 வயதுப் பையனுக்குக் கேட்காமல் விற்பதில் இருக்கும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு, பயிற்சிப் பதிவு. முதல் ஷிஃப்டுக்கு முன்னால், டில்லைத் தொடும் ஒவ்வொருவருக்கும். தேதி, என்ன சொல்லிக்கொடுத்தோம், சிறு கேள்வித்தாள், இருவரின் கையெழுத்து. 3 மாதத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும். ஊழியருக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழில் சொல்லிக்கொடுத்து, தமிழில் சொல்லிக்கொடுத்தோம் என்றே எழுதுங்கள். படித்துப் புரியாத ஆங்கிலத் தாளில் வாங்கிய கையெழுத்தை, விசாரணையில் அந்த ஊழியரே "என்ன எழுதியிருந்தது என்று தெரியாது" என்று ஒரே வரியில் உடைத்துவிடுவார். நடப்பதும் அதுதான். சம்பளமில்லாமல் உதவிக்கு நிற்கும் சொந்தக்காரருக்கும் இதே பதிவு வேண்டும். பெரும்பாலான கடைகளில் ஓட்டை இருப்பது இங்கேதான்.

மூன்று, ரெஃப்யூசல் புக். மறுத்த ஒவ்வொரு விற்பனைக்கும் தேதி, நேரம், என்ன பொருள், ஆள் எப்படி இருந்தார், ஏன் மறுத்தோம், யார் மறுத்தது. வாரம் ஒருமுறை டிபிஎஸ் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடையில் வருடத்துக்கு மூன்று பதிவு என்றால் அந்தப் புத்தகம் உங்களுக்கு எதிரான சாட்சி. மூன்று மாதப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தாலும் அதிகாரி சிரித்துக்கொண்டே நகல் எடுத்துக்கொள்வார். எந்த ஊழியர் பெயர் புத்தகத்தில் வரவே இல்லை என்று பாருங்கள், அவர் கேட்பதே இல்லை என்று அர்த்தம்.

டில்லில் மது பார்கோடு போனதும் தேதி கேட்கும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். அதைப் பார்க்காமலே அழுத்தும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐடி விஷயத்தில் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரிதான். கட்டாய நிபந்தனைப்படி ஐடியில் போட்டோ, பிறந்த தேதி, கூடவே ஹோலோகிராம் அல்லது அல்ட்ராவயலெட் அடையாளம் வேண்டும். போனில் படம் எடுத்துவைத்த பாஸ்போர்ட்டில் முதலிரண்டு இருக்கும், மூன்றாவது இருக்காது. டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் 18 ஆகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. பச்சை நிற புரோவிஷனல் லைசென்ஸுக்கு 15 வயது 9 மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம், 17-இல் முழு லைசென்ஸே வாங்கலாம். பாஸ் (PASS) என்ற வயதுச் சான்றுத் திட்டத்தின் ஹோலோகிராம் உள்ள கார்டும் 18-க்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. ஹோலோகிராமைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாமல் தேதியைப் படியுங்கள். இன்றைய தேதியில் 18 வருடத்தைக் கழித்து டில் பக்கத்தில் தினமும் எழுதி ஒட்டினால் மனக்கணக்கில் வரும் பிழை போய்விடும். 18 ஆவது பிறந்தநாளன்று, அந்த நாள் தொடங்கியதுமே 18 ஆகிவிட்டதாகக் கணக்கு.

பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ் எண்ணிலேயே பிறந்த தேதி ஒளிந்திருக்கிறது. முதல் ஐந்து இடம் குடும்பப்பெயர், அடுத்த ஆறு இலக்கம் தேதி. 2007 நவம்பர் 23-இல் பிறந்த ஆணுக்கு அது 011237: முதலில் பத்தாண்டு, பிறகு மாதம், நாள், கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். பெண்ணாக இருந்தால் மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூடும், அப்போது 061237 என்று வரும். தேதியை மட்டும் சுரண்டி மாற்றிய கார்டில் இந்த எண் பொருந்தாது. பார்க்க ஐந்து விநாடி.

இன்னும் சில சின்ன விஷயங்கள். 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் சட்டத்தில் அது மது. 18 ஆகாத மகனோ மகளோ டில்லில் நின்றால் ஒவ்வொரு மது விற்பனையையும் பொறுப்பான பெரியவர் ஒருவர் அந்தந்த நேரத்தில் அனுமதிக்க வேண்டும். அப்பா மாடிக்குச் சாப்பிடப் போன பத்து நிமிடம் இதில் விலக்கு இல்லை. வெளியே நிற்கும் பிள்ளைகளுக்காக ஒரு பெரியவர் வாங்கினால் குற்றம் அந்தப் பெரியவருடையது. ஆனால் காசு கைமாறுவதைக் கண்ணாடி வழியே பார்த்தும் விற்ற கடையைக் கமிட்டி வேறு மாதிரிதான் பார்க்கும்.

விற்பனை நடந்துவிட்டது, அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்றால் அந்த மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: பெயர், முகவரியை ஒழுங்காகக் கொடுங்கள். வாக்குவாதம் வேண்டாம், பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். என்ன நடந்தது என்ற விளக்கத்தை அங்கேயே நின்று கொட்ட வேண்டியதில்லை. எச்சரிக்கை வாசகத்தைச் சொல்லிவிட்டுக் கேட்கும் கேள்விகளுக்கு வக்கீலிடம் பேசிய பிறகு பதில் சொல்கிறேன் எனலாம். விசாரணைக்கு அழைத்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கேட்க வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்ன "யெஸ்" பல வழக்குகளைக் கெடுத்திருக்கிறது.

அன்றிரவே சிசிடிவி பதிவைத் தனியாக எடுத்துவையுங்கள். ஒரு மாதத்தில் மேலே வேறு பதிவு ஏறிவிடும், வழக்குப் போட அவர்களுக்கு 12 மாதம் இருக்கிறது. விற்ற நேரத்து டில் ரசீதையும் பிரதி எடுங்கள். ரெஃப்யூசல் புக்கில் பழைய தேதிக்கு ஒரு வரிகூடப் புதிதாக எழுத வேண்டாம். அதிகாரி போகும்போதே படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார். விற்றவரை உடனே வேலையை விட்டு நிறுத்துவதைக் கமிட்டி பெரிதாக மதிப்பதில்லை. மறுநாளே எல்லோருக்கும் மறுபயிற்சி, அதன் பதிவு, வெளி ஆள் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் நீங்களே நடத்திய டெஸ்ட், அதன் முடிவு ஆகியவற்றை மதிக்கும். இவற்றோடு, ரிவியூ வருவதற்கு முன்பே ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு எழுதி, எந்தெந்தக் கூடுதல் நிபந்தனைகளை ஏற்கத் தயார் என்று சொல்லும் கடைகளில் சிலவற்றின் விவகாரம் கமிட்டிவரை போகாமலே தீர்ந்துபோகிறது.